யொம் மிசுக் சிப்பி தின்ற படம்

சிப்பி எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது, ஐயா. வழவழவென்று தொண்டையில் இறங்குவதை நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் துறைமுகத்தில் பிறந்தவன் அதை வெளியே சொல்ல முடியுமா? ஊரே சிப்பியில் பிழைக்கிறது. சந்தையில் அக்காமார் மிளகாய்ச் சாந்தில் தோய்த்து நீட்டினால் வாயைத் திறந்துவிடுவேன். தேர்தல் வந்தால் வேட்பாளர்களும் திறப்பார்கள். அதைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுவது என் வேலை.

மேயர் பதவிக்கு இருவர் நின்றார்கள். ஒருவர் பழைய மேயர். சோஜு குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர். அவரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் அவர் யாரையும் ஏமாற்றவும் இல்லை. மற்றவர் யொம் மிசுக், வழக்கறிஞர், என்னோடு பள்ளியில் படித்தவள். கையும் சுத்தம், வாயும் சுத்தம். அப்படிப்பட்டவளிடம்தானே எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியும்? அவளுடைய விவாகரத்தைப் பற்றி எழுதினேன். அப்பாவின் சாவில் அவள் அழாததை எழுதினேன். முடிக்குச் சாயம் பூசுகிறவள் நகராட்சிக் கணக்கை மட்டும் உள்ளபடி காட்டுவாளா என்று கேட்டேன். பகையெல்லாம் ஒன்றுமில்லை. தங்கத்தைத்தான் உரைத்துப் பார்ப்பார்கள், தகரத்தை யார் உரைப்பார்கள்?

எதுவும் அவள்மேல் ஒட்டவில்லை. அப்போதுதான் கவனித்தேன். சந்தைக்கு வருகிறாள், கை குலுக்குகிறாள், பொரித்த மீன் தின்கிறாள், சிப்பியை மட்டும் தொடுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு சிப்பி தின்று, முகம் பூசணியாக வீங்கி, மூச்சுக்குத் திணறியவளை ஆசிரியர் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அவளே என்னைத் தேடி வந்தாள்.

"போங்சு, எனக்குச் சிப்பி ஒத்துக்காதுன்னு மட்டும் எழுதிடாதப்பா. இந்த உடம்பை வச்சுக்கிட்டு இந்த ஊருக்கு மேயரான்னு சிரிப்பாங்க. வேற என்ன வேணா எழுதிக்கோ."

வாக்குக் கொடுத்தேன். வேறுதான் எழுதினேன். 'நம் சிப்பி யொம் மிசுக்குக்குக் கசக்கிறதா?' என்று தினமும் முதல் பக்கத்தில் கேட்டேன். புசானிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு கடைக்கார அக்கா அவர்களிடம், "எங்க சிப்பியைத் தொடாதவ எங்க ஓட்டை மட்டும் தொடலாமா?" என்றாள். ஊர் முழுக்க அதே பேச்சு. முன்னால் இருந்தவள் பின்தங்கினாள். நோயைச் சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சாக்குச் சொல்லும் தலைவர் நமக்கு எதற்கு என்று அதற்கும் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன்.

கடைசியில் தின்று காட்டுகிறேன் என்று சந்தைக்கு வந்தாள். அவளுடைய பையை உதவிக்கு வந்த பெண் வைத்திருந்தாள். அதில் சிப்பி ஒத்துக்கொள்ளாமல் மூச்சடைத்தால் போடுகிற ஊசி இருக்கும் என்று எனக்குத் தெரியும். படத்தில் தலை மறைக்கிறது என்று சொல்லி அந்தப் பெண்ணைக் கூட்டத்துக்குப் பின்னால் போகச் சொன்னேன்.

மிசுக் ஒரு சிப்பியை வாயில் போட்டுச் சிரித்தாள். கேமராக்கள் தாழ்ந்ததும் கைக்குட்டையில் துப்பினாள். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

"வேட்பாளரே, கண்ணை மூடிட்டீங்க. படம் சரியா விழல. இன்னொண்ணு" என்றேன்.

சந்தையே கை தட்டியது. அவள் என்னைப் பார்த்தாள். இந்த முறை கேமராக்கள் தாழவில்லை, அவள் விழுங்கத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பையோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் கேட்டுக்கொண்டதை மட்டும் நான் மீறவில்லை, ஐயா. சாவுச் செய்தியில்கூடத் திடீர் மூச்சுத்திணறல் என்றுதான் போட்டேன். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் படமே நன்றாகத்தான் விழுந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது.