நீட்டிய உள்ளங்கை

அந்த மின்விசிறி கிறீச்சிடுகிறது, கவனித்தீர்களா? இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். எனக்குச் சத்தம் ஆகாது. அதைத் தவிர என்னிடம் வேறு குறை கிடையாது.

என் கணவர் அச்சகம் நடத்தினார். இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி வேலை வாங்கியவர், அந்தத் தொண்டையை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். அச்சகத்தில் அவருக்கு 'சைரன்' என்று பெயர். அங்கிருப்பவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். நான் எங்கே போக? "என் கண்ணாடிய எங்கடி தொலைச்ச?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். கண்ணாடி அவர் நெற்றியில் இருக்கும். அடித்தது மட்டும் கிடையாது, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு ரத்த அழுத்தமும் நெஞ்சுப் படபடப்பும் வந்தபோது, இதயத் துடிப்பைத் தணிக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே வீடு அடங்கிவிட்டது. ஒருநாள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சாப்பாடு நல்லாருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத வார்த்தை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆனால் அவருக்குத் தலை சுற்றியது. படியேறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் அளவைப் பாதியாக்கினார். மாத்திரை கொடுப்பது என் வேலை என்பதால் என்னிடம்தான் சொன்னார். "திடீர்னு நிறுத்திடாதீங்கம்மா, அதுவும் ஆபத்து. பாதி போதும். தினமும் நாடிய எண்ணிப் பாத்துட்டுக் குடுங்க. அம்பதுக்குக் கீழ போனா குடுக்காதீங்க, எனக்கு போன் பண்ணுங்க." மணிக்கட்டில் எங்கே விரல் வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லித் தந்தாள்.

பாதி மாத்திரையில் சைரன் திரும்பி வந்தது. காபி ஆறியதற்கு ஒரு கத்தல், கதவு திறந்திருந்ததற்கு ஒரு கத்தல். முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனவள்தான் நான். அமைதியை ஒருமுறை ருசி பார்த்த பிறகு முடியவில்லை. இதைச் சொன்னால் எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள், ஒருவருக்கும் புரியவில்லை. ஆத்திரமாக வருகிறது.

பழையபடி முழு மாத்திரை கொடுத்தேன். அது போதாதபோது இரண்டு. எதையும் ஒளித்துச் செய்யவில்லை. காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உள்ளங்கையை மட்டும் என் பக்கம் நீட்டுவார். வைத்ததை வாயில் போட்டுக்கொள்வார். கையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை, வைப்பது யார் என்று நிமிர்ந்து பார்த்ததுமில்லை. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.

மகள் வந்தபோது, "அப்பா ஏம்மா இப்படித் துவண்டு கெடக்கறாரு? கையெல்லாம் சில்லுன்னு இருக்கு" என்றாள்.

"வயசாகலையா?" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்கம்மா நல்லாத்தான் பாத்துக்கறா. தினம் கையப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் மாத்திரையே குடுப்பா." எவ்வளவு மெல்லிய குரல். அந்த மனிதரோடு இன்னும் பல வருடங்கள் வாழ ஆசைப்பட்டேன்.

பிறகு ஒரு காலையில் குளியலறை வாசலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, மாத்திரை மாறிப்போயிருக்கும் என்று மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள், பாவம். எனக்கு எரிச்சலே அதுதான். கவனக்குறைவு என்று என்னை யாரும் சொல்ல முடியாது. டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறக்கவில்லை. அன்றைக்கும் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பதைத் தாண்டவில்லை. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி ஒரு தடவை எண்ணினேன். அதற்குப் பிறகுதான் இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.