அண்ணனுக்குப் பார்த்த அறை

பெரிய நகரத்தில் சல்லிசான அறை தேடுகிறவர்கள் முதலில் கட்டிலைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு. விரிப்பை மாற்றிவிட்டால் எந்தக் கட்டிலும் ராஜா வீட்டுக் கட்டில் மாதிரிதான் இருக்கும். குளியலறையைப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்து, காற்று போக வழி விட்டிருக்கிறார்களா என்று கவனித்தால், விடுதி நடத்துகிறவரின் குணம் தெரிந்துவிடும். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்கிறார்கள்?

நான் விடுதிகளுக்கு கேஸ் கீசர் மாட்டுகிறவன், பழுது பார்க்கிறவன். இந்த நகரத்தின் மலிவான விடுதிகளில் நான் கை வைக்காத கீசர் குறைவு. எந்த அறையில் மூட்டைப்பூச்சி, எந்த அறையில் ரயில் சத்தம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். அதனால்தான் அண்ணனும் என்னைக் கேட்டார்.

"டேய் குழாய், ஒரு மூணு நாள் வந்து ஊரைச் சுத்திப் பாக்கலாம்னு இருக்கோம். நெட்ல ரூம் படத்தைப் போட்டுக் கொள்ளை அடிக்கிறானுங்கடா. நீ பாத்து ஒரு ரூம் சொல்லு. படுத்து எந்திரிக்க இடம் இருந்தாப் போதும்."

சின்ன வயதில் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்தே அவர் என்னைக் குழாய் என்றுதான் கூப்பிடுவார். நான் அதற்காகக் கோபப்பட்டதில்லை. அண்ணன் கலகலப்பான மனிதர். அவர் இருக்கிற இடத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிரிக்கப்படுகிறவனும் சேர்ந்து சிரித்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

என் மனைவிக்கு அவர்கள் எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டும் என்று ஆசை. "ரெண்டு ரூம்ல ஒண்ணு அவங்களுக்கு விட்டா என்ன? பாப்பாவும் கூடவே இருக்கும்ல?" என்றாள். அண்ணிக்கு வசதிப்படாது என்று சொன்னேன். பாப்பா மட்டும் இரவில் நம்மோடு படுத்துக்கொள்ளட்டும், அண்ணனும் அண்ணியும் நிம்மதியாக இருக்கட்டும் என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அண்ணன் மகள் பாப்பா என்றால் அவளுக்கு உயிர்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணனுக்கு மீசை முளைத்த மகன் இருக்கும்போது, அண்ணி எதிர்பாராமல் மறுபடி உண்டாகிவிட்டார். நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்று கூனிக் குறுகிப்போனார். ஒரு நாள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இது உனக்குப் பொறக்கப் போற பிள்ளைன்னு நெனச்சுக்க. நான் சுமந்து மட்டும் குடுத்துடறேன்." அண்ணனும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அன்றிலிருந்து என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்துத் தள்ளினாள். தூங்குகிறபோதுகூடச் சிரித்தாள்.

பிள்ளை பிறந்தது. அண்ணி முகத்தைப் பார்த்தார், மனம் மாறிவிட்டது. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரி நடைவழியில் அண்ணன்தான் வந்து சொன்னார். "குழாய், அவ குடுக்க மாட்டேங்கிறாடா. பெத்தவ மனசு, நான் என்ன பண்றது? உம் பொண்டாட்டிக்குப் பொழுது போகலைன்னா ஒரு நாய்க்குட்டி வாங்கித் தர்றேன், வளக்கட்டும்."

நான் சிரித்தேன். அங்கே இருந்த நர்ஸும் சிரித்தார். பையில் சட்டைகளோடு நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்று எனக்கு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதை மனதில் வைத்துக் கருவிக்கொண்டிருந்தேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது. நான் அப்படிப்பட்டவன் அல்ல.

அறை விஷயத்துக்கு வருகிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் விடுதியில், மாடியில் உள்பக்க அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அங்கே கீசரின் புகைக்குழாய் சுவருக்குள்ளேயே விட்டுப்போயிருந்தது. புகை வெளியே போகாமல் அறைக்குள் திரும்பும். அதற்கு மணம் கிடையாது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி முன்பு அங்கே மயங்கி விழுந்து, நடைவழியில் இழுத்துப் போட்ட பிறகு பிழைத்துக்கொண்டது. அப்போது என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் பார்த்துவிட்டு, குழாயைச் சுவரோடு மாற்றாமல் அறையைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, கீசர் திருகில் சிவப்புத் துணி கட்டினேன். எங்கள் தொழிலில் அது ஒரு கட்டுப்பாடு. சிவப்புத் துணி கட்டிய கீசரை வேறு யாரும் தொட மாட்டார்கள். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும்.

அண்ணன் வருகிற வாரம் நான் போய் அதை அவிழ்த்தேன்.

விடுதிக்கார அம்மா பயந்த சுபாவம். "கொழாயை மாத்திட்டியாப்பா? நெசமாவே ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். மாற்றியாயிற்று என்றேன். "என் சொந்த அண்ணனையே தங்க வெக்கிறேன், அப்புறம் என்ன?" என்றேன். அதற்கு மேல் அவர் என்ன கேட்பார்? சும்மா கிடந்த அறைதானே என்று வாடகையையும் குறைத்துக்கொண்டார். அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நானாக வந்தேன். செய்யாத காரியத்துக்கு ஒரு பெண்பிள்ளை கம்பி எண்ணுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அண்ணனுக்கு அறை ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து எம்பி எம்பிப் பார்த்தார். "பொழைக்கத் தெரிஞ்சவன்டா நீ" என்று முதுகில் தட்டினார். நல்ல குளிர் காலம். சுடுதண்ணீர் தாராளமாக வரும், வேண்டிய மட்டும் குளிக்கலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். ஜன்னலை மட்டும் திறக்க வேண்டாம், திருட்டுப் பயம் என்றும் சொன்னேன்.

முதல் நாள் கோபுரத்தில் ஏறினார்கள், படகில் போனார்கள். பாப்பா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். சாயங்காலம் அவளை நான் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். என் மனைவி அவளுக்குத் தலை சீவிவிட்டு, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் அருங்காட்சியகத்தில் அண்ணி சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ரூம்ல என்னமோ தெரியல, காலையில எந்திரிச்சா தலை கிறுகிறுன்னு வருது. உங்க அண்ணனுக்கும் அப்படித்தான், சொல்ல மாட்டேங்கிறார். வேற ரூம் கெடைக்குமா?"

அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள். சொல்கிறேன். "அலைச்சல்தான் அண்ணி, ஒண்ணுமில்ல. நல்லா சுடச்சுடத் தண்ணி ஊத்திக் குளிச்சிட்டுப் படுங்க, சரியாயிடும்" என்றேன். அவர் என்னை நம்பினார். கீசர்காரன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? போகும்போது பாப்பாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "சித்தியைத் தொல்லை பண்ணாமத் தூங்கணும்" என்று சொல்லிப் போனார்.

விடிந்து நெடுநேரமாகியும் அவர்கள் வரவில்லை. பாப்பாவை மனைவியிடம் விட்டுவிட்டுப் போனேன். விடுதிக்கார அம்மா மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார், பார்த்தார், அலறிக்கொண்டு கீழே ஓடினார். நான் கீசரை நிறுத்தினேன். ஜன்னலைத் திறந்தேன். பிறகு பையிலிருந்த சிவப்புத் துணியை எடுத்து, பழைய முடிச்சையே போட்டேன். அதைப் பார்த்துத்தான், துணி கட்டியிருக்கும்போதே அறையை வாடகைக்கு விட்டார் என்று நீங்கள் அந்த அம்மாவைச் சந்தேகப்பட்டீர்கள். அண்ணி குளியலறை வாசலில் கிடந்தார். அண்ணன் அவரைத் தூக்க வந்திருப்பார் போல. முகத்தில் சிரிப்பில்லாமல் அண்ணனை நான் அன்றுதான் பார்த்தேன். அழுதேன். அது நடிப்பு அல்ல.

நான் நினைத்தது வெறும் தலைவலிதான். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் இரண்டு மூன்று நாள் சுருண்டு படுத்தால், பாப்பா எங்களோடு இன்னும் கொஞ்ச நாள் இருப்பாளே என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் மனைவிக்கு எதுவும் தெரியாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் காரியங்களை முடித்துவிட்டுக் கிளம்பும்போது, "சித்தப்பா, பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். பாப்பா இப்போது இரவில் அழுவது குறைந்துவிட்டது. போன வாரம் தூக்கக் கலக்கத்தில் என் மனைவியை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். இந்த நேரத்தில் அவளை அங்கிருந்து பிரிக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை உங்களிடம் சொன்னது உண்மைதான். பாப்பாவுக்கு இடம் கேட்டு நான் அங்கே போனபோது அண்ணன் ரயிலுக்குச் சீட்டுக்கூட எடுத்திருக்கவில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் வந்து பேச வேண்டும் என்றார் அந்த அம்மா. அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று சொன்னேன்.