47-ஆம் எண் பெட்டி

மேலே எழுதியுள்ள முகவரியில் என் மகள்வழிப் பேத்தியோடு குடியிருக்கிறேன். வயது அறுபத்து மூன்று. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், கைநாட்டு அல்ல. மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினோரு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். அங்கே என்னைச் சுத்தம்மா என்பார்கள். அதே பிரிவில் என் பேத்தி இன்ஜினீயர். அது அவள் படித்து வாங்கிய வேலை, என் சிபாரிசு கிடையாது.

என் பேத்தி ஆறு மாதமாக அங்குள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டிக்கும் எண் சீட்டு ஒட்டி, அது எங்கே இருக்கிறது, அதை நிறுத்தினால் வேறு எது நின்றுபோகும் என்று பதிவேட்டில் எழுதிவந்தாள். பதிவேட்டைப் பார்த்து இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் எதையும் கழற்றக் கூடாது என்று நிர்வாகமே உத்தரவு போட்டது. எங்கள் பிரிவு மேனேஜருக்கு அது வேம்பாகக் கசந்தது. "சுத்தம்மா, உங்க பேத்தி பொட்டிக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் எழுதுறா" என்று என்னிடமே சிரிப்பார்.

சம்பவத்தன்று, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மேனேஜர் ஒரு புது மெஷினோடு வந்து, அதைச் சொருக இடமில்லாமல், இரும்பு அலமாரிக்குப் பின்னால் ஜன்னலடியில் இருந்த பழைய பெட்டியைக் காட்டி, "இதுல நம்பரே இல்ல, குப்பை" என்றார். "பேத்தி வர்ற நேரந்தான் சார், புத்தகத்தப் பாத்துட்டு எடுங்களேன்" என்றேன். "பிளக்கு புடுங்கப் புத்தகம் படிக்கணுமா? நீங்க தரையத் துடைங்க" என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார். நான் தரையைத் துடைத்தேன்.

அதன்பிறகு ரத்தப் பரிசோதனை முடிவுகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் நின்று, ஓர் அம்மாளுக்கு ஆபரேஷன் நாலு மணி நேரம் தள்ளிப்போனது. அவர் பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு மேனேஜர், அந்தப் பெட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என் பேத்தி என்று எழுதிக்கொடுக்க, நிர்வாகத்தார் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடாமல், "ஒட்டினேனே பாட்டி, என் கையாலதான் ஒட்டினேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒட்டியது உண்மை. அந்தச் சீட்டின் ஓரம் கிளம்பி, அதில் தூசி அப்பியிருந்ததைப் பொறுக்காமல், முந்தைய சனிக்கிழமை ஈரத்துணியால் ஊறவைத்து நகத்தால் சுரண்டி எடுத்தவள் நான். இதை இரண்டு நாள் சொல்லாதது ஏன் என்று கேட்டதற்கு, பதினோரு வருடத்தில் என் வேலையில் ஒருவரும் குறை சொன்னதில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் சீட்டைத்தான் நான் சுரண்டினேன், பதிவேட்டைச் சுரண்டவில்லை. "47, இரும்பு அலமாரிக்குப் பின், ஜன்னலடி. நிறுத்தினால் ரத்த முடிவு அறுவைப் பிரிவுக்குப் போகாது" என்று அதில் என் பேத்தி கையெழுத்தில் இருக்கிறது. மேனேஜர் மேஜையிலிருந்து எட்டடி தூரத்தில்தான் அது இருந்தது. எழுதியவளை நிறுத்திவிட்டு, படிக்காதவரை உட்காரவைத்திருக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இந்த வாக்குமூலத்தை ஸ்டேஷன் ரைட்டர் படித்துக்காட்ட வந்தார். வேண்டாமென்று நானே வாங்கிப் படித்தேன். ஓரிடத்தில் 47 என்பது 74 என்று இருந்ததை அடித்துத் திருத்தி, பக்கத்தில் நானும் ரைட்டரும் கையெழுத்துப் போட்டோம். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)