பப்பாசி கேட்ட மருமகள்

ஒட்டுக்கேட்கும் ருசியில், இறங்க வேண்டிய நிறுத்தத்தையே கோட்டைவிட்ட முட்டாள் நான். ஜெர்மனியின் எசன் நகர டிராமில் எனக்கு எதிரே யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருவர். மூத்தவர் மடியில் ஒரு சின்னக் கல்லுரல்.

"உரலோடை எங்கையக்கா?"

"மகன் வீட்டை. மருமகள் தாய்லாந்துச் சியாங் மாய்ப் பிள்ளையெல்லே. பப்பாசிக் காயைப் பச்சைமிளகாய், உள்ளி, மீன் சோஸ், தேசிக்காயோடை இடிச்சு, அவிக்காமல் அப்பிடியே தின்னோணுமாம்."

"ஐயோ! பிள்ளைத்தாச்சிக்குப் பப்பாசியோ?" நம் பப்பாளி அவர்களுக்குப் பப்பாசி, எலுமிச்சை தேசிக்காய்.

"வேண்டாமெண்டன். ரெண்டு நாளா என்னோடை கதைக்கிறாள் இல்லை. சமாதானத்துக்கு உரலைத் தூக்கிக்கொண்டு போறன், என்னத்தை இடிக்கிறதெண்டுதான் தெரியேல்லை."

"மாங்காயை இடியுங்கோவன். எங்கடை ஆக்களும் அதைத்தானே கேக்கிறவை."

உரல்காரர் உடனே கைபேசியில் மருமகளை அழைத்து ஜெர்மனில் கேட்டார். அந்தப் பக்கம் எழுந்த சந்தோஷக் கூச்சல் பெட்டி முழுக்கக் கேட்டது.

"என்னவாம்?"

"மாங்காயெண்டா இன்னும் விருப்பமாம். மிளகாயை மட்டும் குறைக்க வேண்டாமாம்." அவர் முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு வாயூறிவிட்டது. "எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் என் தொந்தியைப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தினை மாசம், தம்பி?"