ரைனர் சார் பதில் சொன்னாரா?

— செருப்பைக் கழட்டிக்கிறேன் மெர்லிக்கா, கால் ரெண்டும் செத்துப்போச்சு. அப்பாடா! ஒருவழியா முடிஞ்சுது. இனிமே வேலை கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்ன.

— கிடைக்காட்டி குவைத்துதான் ஜோவி, அதை மறந்துட்டுப் பேசாத. ஓட்டல் உள்ள என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு.

— முதல்ல தண்ணி. மானங் தசிங், ஒரு தண்ணி குடுங்க. உங்க கடை ஓலைச்சோறும் ரெண்டு பொட்டலம் அவுத்து வைங்க.

— இந்தா கண்ணு, குடி. குழந்தை ஏசு சத்தியமா, ரோட்டைத் தாண்டிப் போறப்போ எலுமிச்சம்பழமாட்டம் போன. இப்பப் பிழிஞ்சு போட்டாப்புல வந்திருக்க.

— நீங்க சும்மா இருங்க மானங். ஜோவி, நாற்காலியில சாயாம நேரா உக்காந்தியா?

— உக்காந்தேன்க்கா. ஆனா அதுக்கு முன்னாடியே கெடுத்துட்டேன். மேனேஜரு ரைனர் சார் எழுந்து கையை நீட்டினாரு. தலையெல்லாம் வெள்ளை, நம்ம அப்பா இருந்தா அந்த வயசு இருக்கும். பயத்துல, நம்ம பெரியவங்களைப் பாத்தா செய்யுற மாதிரி, அந்தக் கையைப் பிடிச்சு என் நெத்தியில வச்சுக்கிட்டேன்.

— அடிப்பாவி! குலுக்கணும்டி! என் கையைப் பிடிச்சு எவ்ளோ பழகின?

— உன் கையைப் பாத்தா ஆசீர்வாதம் வாங்கத் தோணலையே.

— கொழுப்பைப் பாரு. கண்ணைப் பாத்தாச்சும் பேசினியா?

— ரொம்பப் பாத்துட்டேன் போல. அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு. நான் கூச்சத்துல கை ரெண்டையும் தொடைக்குக் கீழ வச்சுக்கிட்டேன்.

— கையை மறைக்கவே கூடாதுன்னு நாம பாத்த அந்த இண்டர்வியூ வீடியோல...

— தெரியும்க்கா! எதுக்கு இந்த வேலைன்னு கேட்டாரு. நீ சொல்லிக்குடுத்தது ஒண்ணும் வாயில வரல. "குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக ஏற்பாடாயிடுச்சு சார். பெட்டியைத் திறந்து வச்சா என் பொண்ணு அதுக்குள்ள ஏறி உக்காந்துக்குறா"ன்னேன். அப்ப கை ரெண்டும் தானா வெளிய வந்துடுச்சு. பெட்டி இத்தனை பெருசுன்னு காட்டினேன். அவ முட்டியைக் கட்டிக்கிட்டு எப்படி உக்காருவான்னு காட்டினேன்.

— அங்க போய் அழுதியா?

— இல்லக்கா, சிரிப்பு வந்துடுச்சு. அப்பதான் ஒழுங்கா மூச்சே விட்டேன். அந்தத் தைரியத்துல, கிளம்புறப்போ வாசல்ல நின்னு, "சார், எனக்கு வேலை உண்டா?"ன்னு கேட்டுட்டேன்.

— மூஞ்சிக்கு நேராவா? யாராச்சும் அப்படிக் கேப்பாங்களா? என்ன சொன்னாரு?

— ரெண்டு புருவத்தையும் சட்டுனு மேல தூக்கினாரு, அவ்ளோதான். நம்ம ஊர்க்காரன் தூக்கினா 'ஆமா'ன்னு எடுத்துக்கலாம். அவரு ஜெர்மன்காரரு. இவ என்ன இப்படிக் கேக்குறான்னு திகைச்சுப் போயிட்டாரு. போகட்டும். மனசுல இருந்ததைச் சொல்லிட்டேன், அது போதும்.

— சரி, விடு. சாப்பிட்டு குவைத்து ஏஜெண்டைப் பாக்கப் போலாம்.

— இரு கண்ணு, எங்க கிளம்புற? ரைனர் சாருக்கு மத்தியானச் சாப்பாடு இங்கதான். இந்தத் தீவுல பொண்ணு கட்டி, பேரப்பிள்ளையும் பாத்தாச்சு மனுசன். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா சார்"னு கேட்டா, ஒரு நாளும் வாயைத் திறந்து 'ஆமா'ன்னு சொன்னதில்ல. அந்தப் புருவம் மேல போறதைப் பாத்துத்தான் நான் தினமும் சோறு வைக்கிறேன்.