பாதிக்கப்பட்டவரே நேரில் வரவேண்டும்

— அதில்ல சார், என்னன்னா, உங்க வீட்டம்மாதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.

— அவளால மாடியை விட்டு இறங்க முடியலம்மா. இடுப்பு எலும்பு முறிஞ்சு எட்டு மாசமாச்சு. அதனாலதானே உங்க குடியிருப்புல கீழ்வீடா மாத்திக் கேக்கிறோம்.

— புரியுது சார். ஆனா என்னன்னா, இறங்க முடியலன்னு அவங்களே வந்து சொல்லணும்.

— இறங்கி வந்து.

— ஆமா சார்.

— இறங்கி வந்துட்டா அப்புறம் கீழ்வீடு எதுக்கும்மா?

— அது வேற பிரிவு சார். என் மச்சினர்கூட ஒரு முகவரி மாத்தறதுக்கு இப்படித்தான் அலைஞ்சார். முதல்ல பச்சைப் படிவம்னாங்க, அது தீர்ந்துபோச்சு. அப்புறம் வெள்ளைப் படிவம். அதைக் கொடுக்கிற ஜன்னல் மதியம்தான் திறக்கும், அன்னிக்குன்னு பார்த்து அந்த ஆளு லீவு, மறுநாள் போனா...

— போதும்மா. என் வீட்டுக்காரி இங்கிலீஷ் டீச்சரா இருந்தவ. இதுக்கு ‘ரிக்மரோல்’னு ஒரு வார்த்தை சொல்லுவா. நாம தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுங்கறோம். நீங்க சுத்தத்தான் விடறீங்க, மூக்கைத் தொடவே விடறதில்ல.

— என்கிட்ட கோவிச்சு என்ன சார் பிரயோஜனம்? நானா விதி எழுதினேன்?

— எவன் எழுதினான்? மூளையைக் கழட்டி டிராயர்ல வச்சிட்டு எழுதியிருக்கான். அந்த அறிவுக்கொழுந்து யாருன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்.

— இதோ, தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்த சுற்றறிக்கை. இருபத்தோரு வருஷத்துக்கு முந்தின பேப்பர். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, எனக்குப் பேர் புரியல. நீங்களே பாருங்க.

— கொடுங்க. கண்ணாடி போட்டுக்கிறேன்.

— என்ன சார், அப்படியே உக்காந்துட்டீங்க? தண்ணி கொண்டுவரச் சொல்லவா?

— வேணாம்மா. நான் தலைமை ஆபீஸ்ல இருந்தப்ப ஒரு அம்மா தினமும் வருவாங்க. கால் விளங்காத மகனுக்குக் கீழ்வீடு வேணும்னு, காலையில என் மேஜைக்கு முன்னாடி வந்து நின்னுடுவாங்க. அந்தத் தொல்லை ஒழியட்டும்னு எழுதினது இது.

— நீங்களா சார்?

— என் கையெழுத்துதான்.

— அதோட அந்தம்மா வர்றதை நிறுத்திட்டாங்களா?

— மறுவாரம் மகனை முதுகுல சுமந்துகிட்டு வந்தாங்க. மனுவுக்குக் கடைசித் தேதி நேத்தே முடிஞ்சுபோச்சுன்னு திருப்பி அனுப்பினேன்.