ராத்திரி மூச்சு

— ஏங்க, இப்ப எதுக்குப் பெட்டிய இறக்குறீங்க?

— கீழ ஊருக்குப் போறோம். உன் தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருக்கலாம்.

— நீங்களா? ரோப் காரை யாரு ஓட்டுவா?

— யாராவது ஓட்டுவாங்க. லீவு எழுதிக் குடுத்துட்டேன்.

— இருங்க... நெத்தியக் காட்டுங்க. காய்ச்சல் ஏதும்...

— கைய எடு. ஒண்ணும் இல்ல.

— நேத்து வரைக்கும் 'இந்த மலைலேருந்து என்னைப் பொணமாத்தான் இறக்கணும்'னு வசனம் பேசின மனுஷனாச்சே.

— பேசினேன். இப்ப இறங்கலாம்ங்கறேன். அந்தக் கம்பளி ஸ்வெட்டரை எடு.

— கம்பெனி டாக்டரப் பாக்கப் போனீங்களே... ராத்திரி விரல்ல மாட்டிக்கச் சொல்லிக் குடுத்தாரே ஒரு கிளிப்பு, அதுல என்ன வந்துச்சு?

— அதான்... தூக்கத்துல ஆக்சிஜன் ரொம்ப இறங்குதாம். நடுநடுவுல மூச்சே நின்னு நின்னு வருதாம். இவ்ளோ உயரத்துல காத்தே பத்தாது, இதுவும் சேர்ந்தா இதயம் தாங்காதுன்னாரு. கீழ பெரிய ஆஸ்பத்திரில உடனே காட்டணுமாம்.

— படிச்சுப் படிச்சு சொன்னேன், கேட்டீங்களா? குறட்டைக்குன்னு மூச்சு மெஷின வாங்கி வெச்சாச்சு, குழாய் வெச்ச மாஸ்க்கை மாட்டிட்டுத் தூங்குங்கன்னா, 'தும்பிக்கையோட எப்படித் தூங்குறது'ன்னு கிண்டல்.

— சரி... திட்டு.

— ஒண்ணு சொன்னா ஒம்பது திருப்பிச் சொல்லுவீங்க. இன்னிக்கு என்ன இவ்ளோ சாது?

— அந்தச் சால்வைய இங்க குடு.

— பயந்துட்டீங்களா?

— ஆமா.

— அட... இப்படி வந்து உக்காருங்க. மாஸ்க்கை ஒழுங்கா மாட்டினா எல்லாம் சரியாயிடும். அதுக்காக வேலைய விடுறதா? இந்த வேலை கெடைக்கிற வரைக்கும் நம்ம கல்யாணத்தையே தள்ளிப்போட்ட ஆளு நீங்க.

— வேலை கெடக்குது விடு.

— அதோ, ஜன்னல்ல பாருங்க, உங்க கேபின் மேல போகுது.

— போகட்டும்.

— நெசமாவே உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு...

— காலைல எந்திரிச்சா தலைவலின்னு சொல்லுவியே... இன்னிக்கும் இருந்துச்சா?

— என் தலைவலிக்கு என்ன இப்ப? உங்க குறட்டை பக்கத்துல படுத்தா கல்லுக்கே தலை வலிக்கும்.

— கிண்டல் அப்புறம். இருந்துச்சா?

— இருந்துச்சு. தெனமும்தான். பேச்ச மாத்தாதீங்க.

— ராத்திரில திடீர்னு முழிப்பு வருதா?

— என்னங்க, நீங்களே டாக்டராயிட்டீங்களா?

— கேட்டதுக்குச் சொல்லேன்.

— சில ராத்திரி வருது. தண்ணிக்குள்ள முங்கி எழுந்த மாதிரி மூச்சு முட்டி உக்காந்துடுவேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— உங்க மூச்சு நின்னுடுமோங்கற பயத்துலதான் எனக்கு அப்படி ஆகுதுன்னு நெனச்சேன். சொன்னா எனக்காக வேலைய விட்டுட்டு, கீழ உக்காந்து மலையவே அண்ணாந்து பாத்துட்டு இருப்பீங்க. அத என்னால பாக்க முடியாது. அதுக்கு நானே முழிச்சிருந்து உங்கள உலுக்கிவிட்டுக்கலாம்னு இருந்துட்டேன்.

— பைத்தியம்.

— இருந்துட்டுப் போறேன். ஆமா... அப்பலேருந்து என் துணியவே அடுக்குறீங்க? நோயாளி நீங்களா, நானா?

— பெட்டிய விடு. கிட்ட வா... ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது.

— மொதல்ல சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்.

— குறட்டை இல்லாதவங்களுக்கும் இந்த உயரத்துல தூக்கத்துல மூச்சு நிக்குமாம். சத்தமே வராதாம். டாக்டர் இன்னிக்குத்தான் சொன்னாரு.

— அதுக்கு?

— எனக்கு அது தெரியாதும்மா. ரிப்போர்ட் மோசமா வந்தா கேபின் வேலைலேருந்து என்னைத் தூக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன். நீ குழந்த மாதிரி சத்தமில்லாம தூங்குற, உன்னோடது நல்லா வரும்னு நம்பி... நீ அசந்தப்புறம் அந்தக் கிளிப்ப உன் விரல்ல மாட்டிவிட்டுட்டேன்.